கணக்குக்குக் கடல் தடையா?

(பாடாலூரில் ஆசிரியர்களும் மாணவர்களும் கூட்டிய பொதுக்கூட்டத்தில் செய்யப்பட்ட சொற்பொழிவு)



இன்று என்னைப் பேசும்படி கேட்டுக்கொண்ட விஷயம், சர்வகலாசாலைகளில் கணக்குச் சொல்லிக் கொடுக்கும் முறையைப் பற்றியும், அதை மற்ற தேசத்தாரோடு கூடிச் சீர்ப்படுத்துவதைப் பற்றியுமாகும். வெங்காயமும் பருத்தியும் மக்காச்சோளமும் விளைகிற இந்தப் பக்கத்தில் இப்படி ஒரு பேச்சு எதற்கு என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். கூட்டம் துவங்குமுன் ஒரு பெரியவர் என்னிடம் நேராகவே, "ஐயா, வெங்காயத்துக்கு விலை கிடைக்க வழி சொல்லாமல் காலேஜுக் கணக்கைப் பற்றிப் பேச வந்துவிட்டீர்களே" என்று கேட்டார். கேட்டுவிட்டு, தம் பேத்தி இவ்வருஷம் பி.எஸ்ஸி. கணக்கில் சேர்ந்திருப்பதாகவும் சொன்னார். அப்படியானால் விலை பேச வேண்டிய சரக்கு ஒன்று அவர் வீட்டிலேயே இருக்கின்றது. மூன்று வருஷ காலத்தையும், தினம் பஸ் சத்தத்தையும், பீஸையும் கொடுத்து அந்தப் பெண் வாங்கிக்கொண்டு வருவது நல்ல சரக்கா, சொத்தையா என்று பார்க்க அவருக்கு முழுப் பாத்தியதை உண்டு. சந்தையில் ஒரு மூட்டை வெங்காயத்தைக் கையை விட்டுப் பார்க்காமல் வாங்காத நாம், பட்டத்தை மாத்திரம் மூட்டையோடு வாங்கி வருகிறோம்.

அந்த மூட்டையைச் சற்று அவிழ்த்துப் பார்ப்போம். சில வருஷங்களுக்கு முன் ஒரு கலாசாலையில், பெயர் வேண்டாம், கடைசி வருஷத்துப் பிள்ளைகளோடு பேசிக்கொண்டிருந்தேன். ஒரு பெண் ஒரு பெரிய தேற்றத்தின் நிரூபணத்தை நிறுத்தாமல் ஒப்பித்தாள். ஒரு எழுத்துக்கூடப் பிசகவில்லை. இடையில் ஒரு வரியைக் காட்டி, "இது ஏன் அம்மா?" என்று கேட்டேன். அவள் விழித்தாள். பக்கத்திலிருந்த உபாத்தியாயர், "அது பரீட்சையில் வராதுங்க" என்றார். அந்தப் பெண் மேல் குற்றமில்லை. அந்த உபாத்தியாயரும் அதே மாதிரியாக ஒப்பித்துத்தான் அந்த நாற்காலிக்கு வந்தவர் என்பதால் அவர் மேலும் முழுக் குற்றம் சொல்லுவதற்கில்லை. அர்த்தம் தெரியாமல் மந்திரம் சொல்லுகிறவர்களை நாம் பரிகாசம் செய்கின்றோம். அர்த்தம் தெரியாமல் தேற்றம் ஒப்பிப்பதற்குச் சர்வகலாசாலை முதல் வகுப்புக் கொடுத்தால் அதை மாத்திரம் எப்படி அறிவு என்று சொல்லுவது?

கணக்கில் "ஏன்" என்ற கேள்விக்கு உள்ள இடத்தை ஒரு சிறு உதாரணத்தால் காட்டுகிறேன். ஒரு வெங்காயத்தைத் தரையில் வையுங்கள். அதன் இடப்புறமும் அடியிலுமாக, "ட" என்ற எழுத்தைப் போல மூன்று வெங்காயம் வையுங்கள். இரண்டுக்கு இரண்டு சதுரம் வந்துவிட்டது. மறுபடியும் ஒரு பெரிய "ட"வாக ஐந்து வைத்தால் மூன்றுக்கு மூன்று. அடுத்து ஏழு வைத்தால் நான்குக்கு நான்கு. ஆகவே ஒற்றைப்படை எண்களை ஒன்றிலிருந்து வரிசையாகக் கூட்டினால் எப்போதும் சதுரந்தான் வரும். லட்சம் வரை கூட்டிப் பார்க்க வேண்டியதில்லை. அந்த "ட" ஏன் ஒவ்வொரு தடவையும் இரண்டு அதிகமாக வேண்டியிருக்கின்றது என்று கண்டவனுக்கு எல்லாம் முடிந்துவிட்டது. இதற்குப் பெயர்தான் ருஜு. இதற்கு ரிஷி வாக்கும் வேண்டாம், சீமைப் புரொபஸர் வாக்கும் வேண்டாம்.

இன்னொன்றைப் பாருங்கள். ஒரு எண்ணை அதாலேயே பெருக்கி, அதோடு அதே எண்ணையும் 41ஐயும் கூட்டுங்கள். 1க்கு 43 வரும்; 2க்கு 47; 3க்கு 53. எல்லாம் வேறெதாலும் வகுபடாத பகா எண்கள். இப்படியே 39 வரையிலும் ஒன்றுகூடத் தவறாமல் பகா எண்ணாகவே வந்துகொண்டிருக்கும். இதைப் பார்க்கிற சாதாரண மனிதன், "இவ்வளவு தடவை பலித்தது இனியும் பலிக்காதா?" என்பான். ஜோசியக்காரன் பிழைப்பதே இந்த எண்ணத்தின் மேல்தானே! ஆனால் 40ஐப் போட்டால் 1681 வரும். அது 41ஐ 41ஆல் பெருக்கினது. பலித்தது வேறு, ருஜுவானது வேறு என்பதை இதைவிட மலிவாகக் கற்றுக் கொடுக்க எந்தச் சாஸ்திரத்தாலும் முடியாது. ஆகவேதான் கணக்குப் பாடம் கெட்டுப் போவதை நான் ஒரு பாடம் கெட்டுப் போவதாக மாத்திரம் நினைப்பதில்லை.

நிற்க, இந்தப் பகுத்துக் கேட்கும் வித்தை நம் நாட்டுச் சர்வகலாசாலைகளுக்குள் எப்படி வந்தது, எங்கே நின்றுபோயிற்று என்பதைப் பார்ப்போம். இதற்கு நம்மிடமே கண்ணெதிரில் ஒரு சரித்திரம் இருக்கின்றது.

ராமானுஜம் பெயரைக் கேட்காதவர்கள் இங்கு இருக்கமாட்டார்கள். 1887ல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். கும்பகோணம் காலேஜிலும், பிறகு சென்னைப் பச்சையப்பன் காலேஜிலும் படித்து எப்.ஏ. பரீட்சையில் தேறாமல் போனவர். கணக்கைத் தவிர வேறொன்றிலும் அவருக்கு மனம் செல்லவில்லை. 1912ல் சென்னைத் துறைமுக ஆபீசில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தாவானார். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜிலிருந்த ஹார்டி என்னும் புரொபஸருக்கு ஒரு கடிதம் எழுதினார். அதற்கு முன் அதே கேம்பிரிட்ஜில் வேறு இரண்டு பெரியவர்களுக்கு எழுதி, அவர்கள் கவனிக்கவில்லை. ஹார்டி கவனித்தார். 1914 மார்ச்சு 17ந் தேதி ராமானுஜம் கப்பலேறினார். 1918ல் ராயல் சொசைட்டியில் அங்கத்தினரானார். 1919ல் நோயோடு திரும்பி, 1920 ஏப்ரலில் 32வது வயதில் இறந்தார்.

இந்தச் சரித்திரத்திலிருந்து நம் ஜனங்கள் எடுத்துக்கொண்ட பாடம் என்னவென்றால், நாமக்கல் தேவி கனவில் வந்து அவர் நாக்கிலும் கையிலும் கணக்கை எழுதிப் போனாள் என்பதாகும். ஹார்டியோ இந்த மர்மப் பேச்சை ஒப்புக்கொள்ளவில்லை. மற்ற கணக்கறிஞர்கள் எப்படி யோசிக்கிறார்களோ அப்படித்தான் ராமானுஜமும் அடிப்படையில் யோசித்தார் என்பது அவருடைய அபிப்பிராயம். நானும் ஒரு கேள்வி கேட்கிறேன். ராமானுஜம் ஹார்டிக்கு அனுப்பின சூத்திரங்களில் பகா எண்களைப் பற்றியவை சில தப்பாகப் போயின. 39 வரை பலித்து 40ல் கவிழ்ந்த கணக்கைச் சற்று முன் பார்த்தோமே, அது போல, சின்ன எண்களுக்குச் சரியாகத் தோன்றி, பெரிய எண்களுக்கு நிற்காமல் போன விஷயம் அது. தேவியார் கொடுத்ததாயிருந்தால் அது எப்படித் தப்பாயிற்று? மனிதன் கண்டதாயிருந்ததால் தப்பாயிற்று. மனிதர்கள் உட்கார்ந்து பேசினதால் திருந்திற்று. இதில் ராமானுஜத்துக்குக் குறைவு ஒன்றுமில்லை. கனவுக்குத்தான் குறைவு.

அவரை வளர்த்தது ஒரு புஸ்தகம். கார் என்ற ஒரு டியூஷன் வாத்தியார் கேம்பிரிட்ஜ் பரீட்சைக்காகத் தயாரித்தது. சுமார் 5,000 சூத்திரங்கள், நிரூபணம் பெயரளவுக்கு. இக்காலத்தில் நம் பிள்ளைகள் கையில் இருக்கிற "கைடு" மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கைடை வைத்துக்கொண்டு ராமானுஜம் செய்தது அபாரமான காரியந்தான். ஆனால் நிரூபணம் என்றால் என்ன என்பது அவருக்கு அங்கே போய், ஹார்டியோடும் லிட்டில்வுட்டோடும் பழகின பிறகே தெளிவாயிற்று. ஹார்டியும் அவரும் சேர்ந்து 1918ல் வெளியிட்ட ஒரு காரியத்தைப் பாருங்கள். 4 என்ற எண்ணை நாலாகவும், மூன்றும் ஒன்றுமாகவும், இரண்டும் இரண்டுமாகவும், இரண்டும் ஒன்றும் ஒன்றுமாகவும், நாலு ஒன்றாகவும் ஐந்து விதத்தில் பிரிக்கலாம். 100ஐ எத்தனை விதத்தில் பிரிக்கலாம்? 19 கோடியே 5 லட்சத்து 69 ஆயிரத்து 292 விதம். இதற்கு ஒரு சூத்திரம் கண்டார்கள். அதைச் சோதிக்க, பட்டாளத்தில் உத்தியோகம் பார்த்துவிட்டுக் கணக்குக்கு வந்த மக்மகான் என்பவர் கையாலேயே 200 வரைக்கும் கணக்கிட்ட அட்டவணை உதவிற்று. ஒருவரிடம் ஊகம், ஒருவரிடம் நிரூபண வன்மை, ஒருவரிடம் சலியாத உழைப்பு. மூவரில் எவர் தனியே இருந்திருந்தாலும் காரியம் நடந்திராது.

இதிலே கடல் கடக்கக் கூடாது என்ற சாஸ்திரத்தின் லட்சணத்தையும் பாருங்கள். ஆசாரத்துக்குப் பயந்து ராமானுஜம் முதலில் சீமைக்குப் போக மறுத்தார். கேம்பிரிட்ஜிலிருந்து சென்னைக்குப் பிரசங்கம் செய்ய வந்த நெவில் என்பவர் பேசிப் பேசி இணங்க வைத்தார். தாயாரும் தேவியே கனவில் அனுமதி கொடுத்ததாகச் சொல்லிச் சம்மதித்தார். சாஸ்திரிகளைவிடக் கனவுத் தேவிக்குப் புத்தி விசாலமாயிருந்தது என்பதில் நமக்குச் சந்தோஷமே. ஆனால் அவர் இறந்தபோது, கடல் கடந்தவர் என்பதற்காக உறவினர் பலர் சாவுக்கும் வராமல் நின்றுவிட்டார்கள். உலகமே மெச்சின ஒருவனைச் சுமக்கச் சொந்த ஜனங்களுக்குத் தோள் இல்லாமல் போயிற்று. அறிவுக்கு வேலி போட்டால் அந்த வேலி எங்கே கொண்டுவந்து விடும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

பழைய பெருமை பேசுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. மலையாள நாட்டில் 14ம் நூற்றாண்டில் பிறந்த மாதவர் என்பவர், வட்டத்தின் சுற்றளவைக் காண முடிவில்லாத ஒரு தொடரைக் கண்டார். ஐரோப்பாவில் அதையே லைப்னிட்ஸ் முதலானவர்கள் கண்டது 1670களில். இருநூறு வருஷத்துக்கு மேல் நாம் முந்தி! ஆனால் அது எங்கே போயிற்று? சில குடும்பங்களுக்குள், ஓலைச் சுவடிக்குள், சில ஜாதியாரின் வீட்டுக்குள் இருந்தது. 1830களில் விஷ் என்ற வெள்ளைக்காரக் கம்பெனி உத்தியோகஸ்தர் எழுதின பிறகுதான் வெளியில் சிறிது தெரிந்தது. அதற்கும் நூறு வருஷம் கழித்து, 1940களில், சி.டி. ராஜகோபால் போன்றவர்கள் விளக்கி எழுதின பிறகே கணக்கு உலகம் கவனித்தது. வீட்டுக்குள் பூட்டி வைத்த வித்தைக்கு இதுதான் கதி. நாம் முந்தினோம் என்று மீசையை முறுக்குகிறவர்கள், அது ஏன் பக்கத்துத் தெருவுக்குக்கூட வரவில்லை என்பதற்குச் சமாதானம் சொல்ல வேண்டும்.

நிற்க. ராமானுஜம் போன அதே காலத்தில் கேம்பிரிட்ஜுக்குப் போய் ஹார்டியிடம் பழகித் திரும்பினவர் கே. ஆனந்தராவ். அவர் சென்னைப் பிரஸிடென்ஸி காலேஜில் உபாத்தியாயராக இருந்து சொல்லிக் கொடுத்தவர்களில் ஒருவர் எஸ்.எஸ். பிள்ளை. குற்றாலத்துக்குப் பக்கத்தில் வல்லம் என்ற ஊரில் 1901ல் பிறந்தவர். வறுமையில் ஒரு உபாத்தியாயரின் தயவால் படித்தவர். அண்ணாமலைச் சர்வகலாசாலையில் இருந்துகொண்டே உலகத்தார் நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் திகைத்துக்கொண்டிருந்த வாரிங் என்பவரின் கேள்விக்குப் பெரும்பாகம் விடை கண்டார். "பார்த்தீர்களா, பிள்ளை வெளிநாடு போகாமலே சாதித்தாரே" என்று சிலர் சொல்லுவார்கள். வாஸ்தவம். ஆனால் அவருக்குச் சொல்லிக் கொடுத்தவர் போய்வந்தவர். தவிரவும், பிள்ளை கண்ட அதே விடையை அமெரிக்காவில் டிக்ஸன் என்பவரும் அதே 1936ம் வருஷத்தை ஒட்டித் தனியே கண்டார். ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாமல் இரண்டு பெரிய மூளைகள் ஒரே கிணற்றை இரண்டு தடவை வெட்டின. பின்னர் பிரின்ஸ்டனுக்கு வரும்படி பிள்ளைக்கு அழைப்பு வந்தது. ஹார்வர்டில் நடக்க இருந்த உலகக் கணித மகாநாட்டுக்கும் சேர்த்துப் புறப்பட்டார். 1950 ஆகஸ்டு 31ந் தேதி கெய்ரோவுக்கு அருகில் ஆகாய விமானம் விழுந்து மாண்டார். அதுவே அவருக்கு முதல் வெளிநாட்டுப் பிரயாணம். நாற்பத்தொன்பது வயது வரைக்கும் அந்தக் கதவு திறக்கவில்லை என்பதுதான் நான் நினைத்து வருந்துகிற விஷயம்.

இனி, கடல் தாண்டி இங்கு வந்தவர் ஒருவரைப் பற்றிச் சொல்லுகிறேன். நம் பக்கத்துத் திருச்சிக்கு, செயிண்ட் ஜோசப் காலேஜுக்கு, 1937ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் வந்தார். பெயர் ஷார்ல் ரஸீன். பாரிஸில் எலி கார்த்தான் என்னும் பெரிய கணக்கறிஞரிடம் பட்டம் பெற்றவர். 1939ல் சென்னை லயோலா காலேஜுக்கு மாறி, 1967 வரை அங்கே இருந்தார். அவருடைய மதத்தில் நமக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் கரும்பலகைக்கு முன் அவர் ஜபம் சொல்லிக் கொடுக்கவில்லை. அன்று நம் சர்வகலாசாலைகள் கேம்பிரிட்ஜின் பழைய பரீட்சைக் கணக்குகளையே அரைத்துக்கொண்டிருந்த காலம். அவர் பாரிஸில் தம் சிநேகிதர்கள் புதிதாகச் செய்துகொண்டிருந்த கணக்கை மாணவர்கள் கையில் கொடுத்தார். கெட்டிக்காரப் பிள்ளைகளை ஐ.சி.எஸ்., ஐ.ஏ.எஸ். என்று ஓடவிடாமல், ஆராய்ச்சிக்குப் போ என்று பம்பாய்க்கு அனுப்பினார்.

அப்படிப் போனவர்களில் இருவர் எம்.எஸ். நரசிம்மனும் சி.எஸ். சேஷாத்ரியும். நரசிம்மன் வட ஆர்க்காட்டில் தண்டரை என்ற கிராமத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. 1953ல் இருவரும் பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார்கள். அங்கே கணக்குப் பகுதியைக் கட்டினவரும் சென்னையில் ஆனந்தராவிடம் படித்த கே. சந்திரசேகரன் என்பவரே. அவர் செய்த ஏற்பாடு நாம் கவனிக்கத்தக்கது. பாரிஸிலிருந்து ஷ்வார்ட்ஸ், ஜெர்மனியிலிருந்து சீகல் என்று உலகத்தில் தலைசிறந்தவர்களை வரவழைத்தார். இரண்டு நாள் மாலை மரியாதைக்கு அல்ல. மாதக்கணக்கில் உட்கார்ந்து பாடம் சொல்ல. கேட்கிற வாலிபர்களில் ஒருவர் அந்தப் பாடத்தை எழுதி, புரியாததைக் கேட்டுத் திருத்தி, புஸ்தகமாக்க வேண்டும். எழுதுகிறவன் புரிந்துகொள்ளாமல் தப்ப முடியாது அல்லவா? அந்தக் குறிப்புப் புஸ்தகங்களை இன்றைக்கும் உலகெங்கும் படிக்கிறார்கள். பிறகு நரசிம்மனும் சேஷாத்ரியும் 1957ல் பாரிஸுக்குப் போய், மூன்று வருஷம் இருந்து திரும்பினார்கள். 1965ல் இருவரும் சேர்ந்து வெளியிட்ட தேற்றம் அவர்கள் பெயராலேயே வழங்குகிறது. வந்தவர், போனவர், திரும்பினவர், திரும்பினவருக்கு இங்கே ஓர் இடம் என்ற நாலும் சேர்ந்தால்தான் காரியம் ஆகும் என்பதற்கு இது கண்கண்ட உதாரணம்.

சேஷாத்ரி 1989ல் சென்னையில் ஒரு கணிதப் பள்ளியைத் துவக்கினார். இன்று சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதக் கழகம் அதுவே. அங்கே பி.எஸ்ஸி. படிக்கிற பிள்ளைகளில் சிலர் பாரிஸில் உள்ள எக்கோல் நொர்மாலுக்குப் போய்வர ஏற்பாடு உண்டு. அங்கிருந்து வருகிற வாலிபர்கள் இங்கே பாடம் சொல்லுவதும் உண்டு. பெண்களும் இதில் பின்தங்கினவர்களல்ல. சென்னை ஸ்டெல்லா மேரிஸில் படித்த ஆர். பரிமளா, 2010ல் ஹைதராபாத்தில் நடந்த உலகக் கணித மகாநாட்டில் பெரும் சபைக்குப் பிரசங்கம் செய்தார். இந்தியாவில் அந்த மகாநாடு கூடினது அதுவே முதல் தடவை.

இவ்வளவும் நமக்குப் பெருமைதான். ஆனால் தோழர்களே! இந்த வெள்ளம் எதுவரை வந்தது? பம்பாய் வரை வந்தது, சென்னை வரை வந்தது, சிறுசேரி வரை வந்தது. பாடாலூருக்கு வந்ததா? இங்கே ரோட்டில் நின்றால் சென்னை போகிற வண்டிகள் இரவும் பகலும் போய்க்கொண்டே இருக்கின்றன, நிற்பதுதான் இல்லை. அந்த மாதிரியாக இருக்கின்றது கதை. சர்வதேச உறவு என்பது பரீட்சை வைத்துப் பொறுக்கி எடுத்த நாற்பது ஐம்பது பிள்ளைகளின் சொத்தாகிவிட்டது. அந்த ஸ்தாபனங்களை நான் குறை சொல்லவில்லை. அவை இல்லாவிட்டால் இதுவும் இல்லை. ஆனால் கணக்குப் பட்டம் வாங்குகிற பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் ஜில்லாக் காலேஜுகளில் படிக்கிறார்கள். பள்ளிக்கூடங்களுக்குக் கணக்கு உபாத்தியாயர்களாகப் போகிறவர்களும் அவர்களே. ராமானுஜம் காலத்தில் வித்தையைச் சாஸ்திரம் அடைத்தது. இப்போது அடைப்பது தூரமும் பணமும் அலட்சியமும். அடைபட்டவனுக்கு இரண்டும் ஒன்றுதான்.

இங்கே ஒரு ஆட்சேபனை வரும். "இப்போதுதான் செல்போன் இருக்கிறதே, அமெரிக்காவின் பாடமெல்லாம் காசில்லாமல் கேட்கலாமே" என்பார்கள். கேளுங்கள், நல்லதுதான். ஆனால் ராமானுஜத்துக்குக் கார் புஸ்தகம் செய்ததைத்தான் இதுவும் செய்யும். விடை கொடுக்கும், உங்கள் தப்பை உங்களுக்குக் காட்டாது. அந்தப் பெண்ணிடம் "இது ஏன் அம்மா?" என்று செல்போன் கேட்காது. அவள் ராமானுஜமாக இருக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்ப்பதும் நியாயமல்ல. சாதாரணப் பிள்ளைக்கு நல்ல உபாத்தியாயர் வேண்டும். உபாத்தியாயருக்கு நல்ல சகவாசம் வேண்டும்.

சகவாசமில்லாத உபாத்தியாயரின் நிலைமை என்ன என்பதற்கு அப்துஸ் சலாம் கதையைக் கேளுங்கள். கேம்பிரிட்ஜில் பெயரெடுத்துவிட்டு 1951ல் லாகூர் கவர்ன்மெண்டு காலேஜுக்குக் கணக்குப் புரொபஸராகத் திரும்பினார். ஆராய்ச்சியை மறந்துவிட்டு ஏதாவது உபரி வேலை பார்க்கச் சொன்னார்கள். அவருக்குக் கிடைத்தது கால்பந்துக் கோஷ்டியை மேய்க்கும் வேலை. பேச ஆளில்லாமல், 1954ல் மறுபடியும் கேம்பிரிட்ஜுக்கே போய்விட்டார். பின்னால் 1979ல் நோபல் பரிசு பெற்றவர் அவர். தமக்கு நேர்ந்தது மற்றவர்களுக்கு நேரக் கூடாதென்று, 1964ல் இத்தாலியில் திரியெஸ்தே என்ற ஊரில் ஒரு நிலையம் ஏற்படுத்தினார். ஏழை தேசத்து உபாத்தியாயர் தம் உத்தியோகத்தை விடாமல் சில வாரம் அங்கே போய், உலகத்தாரோடு கூடியிருந்து, திரும்பி வந்து தம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கலாம். சில வருஷம் கழித்து மறுபடி போகலாம். அங்கே கணக்குப் பகுதிக்குப் பின்னாளில் தலைவராக இருந்தவர் நம் தண்டரை நரசிம்மனே.

உலகக் கணிதச் சங்கமும், கேட்கிற ஏழை தேசங்களின் சர்வகலாசாலைகளுக்கு மூன்று நாலு வாரம் பாடம் சொல்ல உபாத்தியாயர்களை அனுப்பி வருகின்றது. அந்தப் பாடம் பட்டத்துக்குச் சேர்ந்த பாடமாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. நல்ல நிபந்தனை! இந்திய சர்க்காரும் 2015ல் வெளிநாட்டு ஆசிரியர்களை வரவழைக்க "கியான்" என்ற திட்டம் போட்டார்கள். அது பெரும்பாலும் ஐ.ஐ.டி. முதலிய பெரிய வீடுகளிலேயே பந்தி போட்டது. பசித்தவன் தெருவில் நிற்கிறான்.

ஆகவே நான் கேட்பது புதிய அதிசயம் ஒன்றுமல்ல. சந்திரசேகரன் பம்பாயில் செய்ததை ஜில்லாவில் செய்யுங்கள் என்பதே. பாரதிதாசன் சர்வகலாசாலை 1982 முதல் இந்தப் பக்கத்துக் காலேஜுகளை மேற்பார்க்கிறது. ஒரு கோடைக்கு ஒரு வெளிநாட்டு ஆசிரியர், மூன்று வாரம், ஒரே ஒரு பாடம். அவரோடு கூடவே வகுப்பில் நம் உபாத்தியாயர் ஒருவர் நின்று தமிழில் விளக்க வேண்டும். மாணவரும் உபாத்தியாயரும் சேர்ந்து அந்தப் பாடத்தைத் தமிழில் குறிப்பாக எழுத வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்த பிள்ளையைத் திடீரென்று இங்கிலீஷ் நிரூபணத்தில் தள்ளினால் அவள் மனப்பாடம் செய்யாமல் என்ன செய்வாள்? ஜப்பானிலிருந்து தகாகி என்பவர் 1898ல் ஜெர்மனிக்குப் போய் மூன்று வருஷம் படித்துத் திரும்பினார். 1920ல் ஜெர்மனியே வியக்கிற கணக்கைக் கண்டார். ஆனால் அதோடு நிற்காமல் 1938ல் மேல் வகுப்புக் கணக்குக்கு ஜப்பான் பாஷையில் ஒரு புஸ்தகம் எழுதினார். இங்கும் 1960களில் கல்லூரிப் பாடங்களைத் தமிழில் எழுதினார்கள். பிறகு அவைகளைத் தொட ஆளில்லை.

உபாத்தியாயர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். சர்க்கார் காலேஜுகளில் அநேகர் கௌரவ விரிவுரையாளர்கள். பெயரில் உள்ள கௌரவம் சம்பளத்தில் இல்லை. வருஷா வருஷம் வேலை உண்டா இல்லையா என்று தெரியாதவரைப் பார்த்து, "திரியெஸ்தேக்குப் போய் வா" என்றால் அது பரிகாசமாகும். முதலில் அவர்களை நிரந்தரம் செய்து, பின் சம்பளத்தோடு லீவு கொடுத்து அனுப்புங்கள். பரீட்சைக் கேள்வித்தாளையும் தொடாமல் விட்டால் மேற்சொன்னது ஒன்றும் நடக்காது. போன வருஷத்துக் கேள்வியே இவ்வருஷமும் வருமானால் ஹார்டியே வந்து பாடம் சொன்னாலும் பிள்ளைகள் கைடைத்தான் படிப்பார்கள். அது அவர்களுடைய புத்திசாலித்தனம்.

ஒரு மாணவர் சீட்டு அனுப்பியிருக்கிறார்: "வெளிநாட்டார் வந்தால் கெட்டிக்காரர்களை அழைத்துக்கொண்டு போய்விட மாட்டார்களா?" என்று. சிலர் போவார்கள். சந்திரசேகரனே 1965ல் ஜூரிச்சுக்குப் போய்விட்டார். ஆனால் அவர் கட்டினது இங்கே நிற்கின்றது. போகிறவர்கள் போகட்டும், வருஷத்துக்கு மூன்று வாரம் வந்து இந்த ஜில்லாவில் பாடம் சொல்லும்படி அவர்களைக் கேட்போம். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கணக்குச் சொல்லிக் கொடுக்கிற தமிழர்கள் இருக்கிறார்கள். அவர்களை நாம் கேட்கவே இல்லை என்பதுதான் உண்மை. துறைமுகக் குமாஸ்தா ஒருவன் கேம்பிரிட்ஜுக்குக் கடிதம் எழுதத் துணிந்தான். நம் காலேஜு ஒன்று ஒரு கடிதம் எழுத ஏன் கூச வேண்டும்?

இப்பொழுது தலைவர் அவர்கள் ஒரு தீர்மானத்தை வாசிப்பார். அதில் மூன்று விஷயங்கள்தான் இருக்கின்றன. வருகிற கோடையில் இந்த ஜில்லாவில் ஒரு காலேஜில் மூன்று வார வகுப்பு நடத்தச் சர்வகலாசாலையைக் கேட்பது. அதற்கு வருகிற ஆசிரியருக்கும் வெளியூர்ப் பிள்ளைகளுக்கும், முக்கியமாகப் பெண்களுக்கு, இருக்க இடமும் சாப்பாடும் ஊரார் பொறுப்பில் ஏற்பாடு செய்வது. பாடக் குறிப்பைத் தமிழில் அச்சிட்டு எல்லாக் காலேஜுகளுக்கும் அனுப்புவது. ஆட்சேபனை உள்ளவர்கள் தயவுசெய்து இங்கேயே எழுந்து, காரணத்தோடு சொல்லும்படி கேட்டுக்கொள்ளுகிறேன்.